மரத்தில் கியர் குமிழ்: கண்ணில் படாத இடத்தில் நேரும் தவறுகள்

பழைய வீடு இடித்த இடத்தில் கிடைத்த தேக்குத் துண்டோடு வந்து, "இதில் என் காருக்கு ஒரு கியர் குமிழ் கடையலாமா?" என்று கேட்பவர்கள் கும்பகோணம் பக்கம் உண்டு. தாராளமாகக் கடையலாம். ஆனால் எல்லோரும் உருண்டையைப் பற்றியே பேசுகிறார்கள். கியர் கம்பி நுழையும் துளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குமிழ் கெடுவது பெரும்பாலும் உள்ளேதான்.

என் முதல் குமிழை மரமே கவிழ்த்தது. வாய்க்கால் கரையில் வெட்டிப் போட்டிருந்த பூவரசங்கிளையை மாசியில் எடுத்து, அந்த வாரமே கடைசல் பிடித்துவிட்டேன். கைக்கு அடக்கமாக, வழவழவென்று வந்தது. கத்திரி வெயிலில் திருவையாற்றில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பினால், உச்சியிலிருந்து கழுத்து வரை நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பச்சை மரம் நிழலில் காய, ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதைவிடப் பெரிய பிழை, கிளையின் நடுச்சோறு, அதாவது மையத்தில் ஓடும் மென்மையான பகுதி, குமிழின் நடுவிலேயே இருந்தது. காயும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. சோறு உள்ளே இருந்தால் அதைச் சுற்றிப் பெரும்பாலும் வெடிக்கும். சோற்றை விட்டு விலகி, வைரம் பாய்ந்த பகுதியில் கட்டை எடுக்க வேண்டும். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள் பழைய ஆச்சா மரக் கட்டையைத் தேடி அலைவதும் நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும் என்பதற்காகத்தான்.

அடுத்தது, முதலில் கடைந்துவிட்டுப் பிறகு துளை போடுவது. உருண்டையைப் பிடித்து நிறுத்தித் துளைக்கும்போது பிட் அரை மில்லிமீட்டர் விலகினாலும் போதும், குமிழ் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். சதுரக் கட்டையாக இருக்கும்போதே துளை போட்டு, அந்தத் துளையையே மையமாக வைத்துக் கடைய வேண்டும்.

மரை விஷயத்தில் அவசரம் கூடவே கூடாது. பல கார்களின் கியர் கம்பியில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் மரை இருக்கும். அதில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகத் தரும் 10 மில்லிமீட்டர் நட்டின் இடைவெளியோ 1.5. அதை மரத்துக்குள் பதித்தால் இரண்டு சுற்றோடு இறுகிக் கம்பியின் மரையையும் தின்றுவிடும். முதலில் நட்டை மட்டும் வாங்கிக் கம்பியில் கையாலேயே சுற்றிப் பாருங்கள். மரத்திலேயே மரை போடுவதும் நிற்காது. சில மாதங்களில் தளர்ந்து ஆடும். லேத் பட்டறையில் உள்ளே மரை போட்ட பித்தளை புஷ் (சிறு குழல்) ஒன்று கடைந்து வாங்கி, வெளிப்புறத்தைச் சொரசொரப்பாக்கி, எபாக்சி பசை வைத்து இறக்குங்கள். ஐப்பசி அடைமழையில் மரம் ஊதும், பங்குனியில் சுருங்கும், புஷ் அசையாது. எடையும் கூடும். 50 மில்லிமீட்டர் தேக்கு உருண்டை ஏறக்குறைய 40 கிராம்தான். அந்த லேசில் கியர் கரடுமுரடாக விழுவதுபோல் தோன்றும்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அது காய்வதே இல்லை; பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும், பிறகு சிக்கு நாற்றம் எடுக்கும். பிரெஞ்சு பாலிஷ் கண்ணுக்கு அழகு, ஆனால் அதிலுள்ள அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது. கையில் சானிடைசர் ஈரம் இருந்தாலே தடம் விழும். லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெயை) மெல்லிசாகத் தடவித் துடைத்து, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப் போடுங்கள்.

ஒரு குமிழை மாட்டிய பிறகுதான் இதைக் கவனித்தேன். சில கார்களில் ரிவர்ஸ் போடக் குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தை மேலே தூக்க வேண்டும். என் குமிழின் கழுத்து அந்த வளையத்தை மேலே வரவிடவில்லை. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் எதிரே நிற்க, குறுகிய கப்பிச் சாலையில் பின்னால் எடுக்க முடியாமல் நின்றேன். கழுத்தின் நீளத்தை அளப்பதற்கு முன், பழைய குமிழைக் கழற்றி வளையம் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளந்து கொள்ளுங்கள்.