செரோக்கி மொழியை எடுத்தாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம் மனத்துக்குள் இரண்டு ஓநாய்கள் சண்டையிடுகின்றன. நீ எதற்குத் தீனி போடுகிறாயோ அதுதான் வெல்லும்." வட அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களில் முதியவர் ஒருவர் தம் பேரனிடம் இப்படிச் சொன்னதாக ஒரு கதை வாட்ஸ்அப்பில் தமிழிலும் சுற்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க இனவியலாளர் ஜேம்ஸ் மூனி செரோக்கி மக்களிடமிருந்து திரட்டிய பெருந்தொகுப்பில் இந்தக் கதை இல்லை. அமெரிக்கக் கிறித்தவப் போதகர் பில்லி கிரஹாம் 1978இல் எழுதிய நூல் ஒன்றில் ஏறக்குறைய இதே கதை வருகிறது. அங்கே வருபவர் ஓர் எஸ்கிமோ மீனவர். ஓநாய்களுக்குப் பதிலாகக் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு நாய்கள்.

நல்ல கருத்துதானே, யார் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. செரோக்கி மக்களுக்கு நெருப்பு கிடைத்த கதை இருக்கிறது: பெரிய விலங்குகளும் பறவைகளும் தோற்றுப்போன இடத்தில், நீர்ச்சிலந்தி தான் நூற்ற இழையால் ஒரு கிண்ணம் பின்னி, முதுகில் சுமந்து, தண்ணீரைக் கடந்து நெருப்புத் துண்டைக் கொண்டுவந்தது. அந்த மொழியிலேயே தலைமுறைதோறும் சொல்லப்பட்ட இத்தகைய கதைகளின் இடத்தைப் பெயர் ஒட்டிய பொன்மொழிகள் பிடித்துக்கொள்கின்றன. மூலம் தெரியாத வரியின் கீழே "செரோக்கிப் பழமொழி" என்று எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

அடுத்தது எழுத்து. ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்வோயா தனிமனிதராகத் தம் மொழிக்கு எழுத்துமுறை வகுத்து 1821இல் முடித்தார். 1828இல் ஜார்ஜியாவின் நியூ எச்சோட்டாவில் அதே எழுத்திலும் ஆங்கிலத்திலுமாக 'செரோக்கி ஃபீனிக்ஸ்' செய்தித்தாள் வெளிவரத் தொடங்கியது. இந்த எழுத்துகளை அலங்காரத்துக்காகப் பச்சை குத்திக்கொள்பவர்களும் சட்டையில் அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். பலர் ஆங்கிலப் பெயரை எடுத்து, பார்வைக்கு ஒத்திருக்கும் செரோக்கி எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போடுகிறார்கள். ஆங்கில 'டி' (D) போலத் தெரிவது அங்கே 'அ'. 'டபிள்யூ' போன்றது 'ல'. 'ஹெச்' போன்றது 'மி'. இன்று புழக்கத்தில் உள்ள 85 எழுத்துகளில் பெரும்பாலானவை முழு அசையைக் குறிப்பவை. நம் உயிர்மெய் போலத்தான், ஆனால் க, கி, கு போல ஒரே உருவின் சாயல் அவற்றில் இராது. போதாக்குறைக்கு, குரலின் ஏற்ற இறக்கத்தையும் உயிரொலியின் நீளத்தையும் எழுத்து காட்டாது. ஆகவே அகராதியிலிருந்து பொறுக்கிய சொற்களைக் கோத்து வாழ்த்தோ வழிபாட்டு வரியோ அமைத்தால், அது செரோக்கி பேசுபவரின் காதுக்குப் பொருளற்றதாக ஒலிக்கக்கூடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது மந்திரங்களின் விஷயம். செக்வோயாவின் எழுத்து பரவியதும், செரோக்கி மருத்துவர்கள் நோய் தீர்ப்பதற்கும் வேட்டைக்கும் காதலுக்கும் உரிய மந்திரங்களைத் தங்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார்கள். அவை எல்லோரும் வாசிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. 1880களின் பிற்பகுதியில் வட கரோலினாவில் மூனி அவற்றில் பலவற்றைத் திரட்டினார். ஒரு பகுதி 1891இல் மொழிபெயர்ப்புடன் அச்சானது. இன்று இணையத்தில் எவரும் படிக்கலாம், பதிப்புரிமையும் கிடையாது. அதனாலேயே அவற்றைத் தியான வகுப்பிலோ ஒலிப்பதிவிலோ பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது. சட்டம் தடுக்காவிட்டாலும், இவை யாருடைய பொறுப்பில் இருந்தன என்பதை மறக்கலாகாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. செரோக்கி மொழியின் ஆன்மிகம் என்றாலே நெருப்பும் நடனமும் மட்டும்தான் என்று நினைப்பது. செரோக்கிப் பாடல்களின் தொகுப்பு 1829இலேயே அச்சாகிவிட்டது. புதிய ஏற்பாடு 1860இல் முழுமையடைந்தது. தேவாலயங்களில் இன்றும் செரோக்கியில் பாடுகிறார்கள். அந்தப் பாட்டும் இந்த மொழியின் ஆன்மிகம்தான்.

இறந்தகாலத்தில் எழுதாதீர்கள். 1838-39இல் ராணுவத்தால் ஓக்லஹோமாப் பகுதிக்கு விரட்டப்பட்டு, வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகும் இம்மக்கள் இருக்கிறார்கள். அமெரிக்க அரசு ஏற்ற செரோக்கி அரசுகள் மூன்று: ஓக்லஹோமாவில் இரண்டு, வட கரோலினாவில் ஒன்று. வட கரோலினாவின் கிழக்கு வழக்கும் ஓக்லஹோமாவின் மேற்கு வழக்கும் வேறுபடும். எதிலிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடுவது நல்லது. 2019 வாக்கில் தாய்மொழியாகப் பேசியோர் ஏறத்தாழ 2,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள். அந்த ஆண்டில் மூன்று அரசுகளும் சேர்ந்து மொழிக்கு நெருக்கடி நிலையை அறிவித்தன.

அந்த முதியவர்களில் ஒருவரைச் சந்தித்தால், "உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்களேன்" என்று வேடிக்கையாகக் கேட்காதீர்கள். உறைவிடப் பள்ளிகளில் இந்த மொழியைப் பேசியதற்காகவே குழந்தைகள் தண்டிக்கப்பட்ட வரலாறு அவர்களின் குடும்பங்களில் இருக்கிறது. கற்க விருப்பமிருந்தால், ஓக்லஹோமாவின் டாலக்வாவைத் தலைநகராகக் கொண்ட செரோக்கி நேஷன் அரசு நடத்தும் இலவச இணைய வகுப்புகளில் சேரலாம். எதைக் கற்பிப்பது, எதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வது என்பதை அங்கே அவர்களே முடிவுசெய்கிறார்கள்.