வேர்ட்பிரஸ் சமூகத்தில் ஒரு குறையை எடுத்துரைப்பது எப்படி: மதுரையிலிருந்து ஒரு வழிகாட்டி

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் அன்றாட விலையை வெளியிடுவதற்காக, ஒரு வணிகருக்கு, இணையதளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தளம் அமைத்துக் கொடுத்தேன். ‘மதுரை மல்லிகைப் பூ விலை நிலவரம்’ என்ற தலைப்பின் பின்னால் தேதியைச் சேர்த்துத் தினமும் ஓர் இடுகை வெளியாகும். இரண்டாம் நாள் இடுகையின் முகவரியைப் பார்த்தபோது தேதியைக் காணோம். ‘நிலவரம்’ என்ற சொல் ‘ந’ என்ற ஒற்றை எழுத்தோடு அறுந்து, அதன் பின்னால் 2 என்ற எண் தானாக ஒட்டியிருந்தது. ‘உங்களுக்குத் தமிழைப் பற்றி அக்கறையே இல்லை’ என்று அந்தச் சமூகத்தாருக்கு உடனே எழுதிவிடத் துடித்தேன். எழுதியிருந்தால், அதை வைத்துக்கொண்டு எவராலும் எதையும் செய்திருக்க முடியாது. மனத்தாங்கலைப் பிறர் கையிலெடுத்து வேலை செய்யக்கூடிய கருத்தாக மாற்றுவது எப்படி என்று அப்போது கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் பேசுகிறோம் என்பது தெரிய வேண்டும். பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளிலிருந்து கிளைபிரித்து மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கிய வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு 2003 மே 27 அன்று வெளியானது. அதன் ஜி.பி.எல். உரிமத்தின்படி எவரும் அதைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். விலை கொடுத்து வாங்கிய பொருளில் பழுது இருந்தால் கடைக்காரரிடம் முறையிடலாம். இங்கே அப்படி ஒரு கடைக்காரர் இல்லை. நம் டிக்கெட்டை, அதாவது நாம் பதியும் குறைக் குறிப்பைப் படிப்பவர்களில் சிலர் நிறுவனச் சம்பளத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள். மிகப் பலர் இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி உதவுபவர்கள். அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் எழுதுவதே நாம் அவர்களுக்குத் தரக்கூடிய முதல் மரியாதை.

குறையைக் கண்டவுடன் அதைத் தனிமைப்படுத்துங்கள். எல்லாப் பிளகின்களையும் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள்) நிறுத்திவிட்டு, வேர்ட்பிரஸுடன் வரும் இயல்பான தீமுக்கு (தளத்தின் தோற்ற வடிவம்) மாறி, அதே குறை வருகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளரின் தளத்தில் இதைச் செய்யாதீர்கள். உலாவியிலேயே ஓடும் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்டில் புதிய தளம் ஒன்றை நொடிகளில் திறந்து சோதிக்கலாம். அருகில் இதே தொழில் செய்யும் இரண்டு பேர் இருந்தால், மாலையில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து அவரவர் மடிக்கணினியில் அதே படிகளைச் செய்து பார்ப்பது இன்னும் நல்லது. எங்களுக்கு மூன்று கணினிகளிலும் ‘ந’ என்ற இடத்திலேயே அறுந்தது. அதன் பிறகுதான் இது என் கைத்தவறு இல்லை என்று துணிந்தேன்.

அடுத்து, காரணத்தை இயன்றவரை தேடுங்கள். தமிழின் ஒவ்வொரு குறியீடும், எழுத்துகளைக் கணினியில் பதியும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள் கொள்ளும். முகவரியில் இடும்போது ஒவ்வொரு பைட்டும், விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து, மூன்று எழுத்துகளாக விரியும். ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடம். ‘நி’ என்பது மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடு என்பதால் அதற்குப் பதினெட்டு. முகவரிப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 இடம். நம் தலைப்பில் ‘ந’ வரை 193 ஆகிவிடுகிறது. அடுத்து வரும் இகரக்குறி 202-ஐத் தொடுவதால் வெட்டப்படுகிறது. தேதி அதற்கும் பின்னால் இருப்பதால், எல்லா நாளும் ஒரே முகவரி கிடைத்து, மோதலைத் தவிர்க்க 2, 3 என்று எண் சேர்கிறது. இதை ஒரு பள்ளி நோட்டில் எண்ணிப் பார்த்தபோது என் கோபம் முழுவதும் கரைந்துவிட்டது. தமிழை எவரும் ஒதுக்கவில்லை, ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அமைத்த அளவு நமக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

புதிய டிக்கெட் பதிவதற்கு முன் வேர்ட்பிரஸின் டிக்கெட்டுகள் பதியப்படும் டிராக் தளத்தில் தேடுங்கள். இடுகை எழுதும் எடிட்டர் பற்றிய குறை என்றால், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அந்த எடிட்டருக்கென உள்ள கூட்டன்பர்க் களஞ்சியத்தில் தேடுங்கள். முகவரி நீளத்தைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முந்தைய டிக்கெட் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அப்படி இருந்தால் அதன் கீழேயே எழுதுவது முறை. பதிப்பு எண், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்): இவை போதும். ‘எனக்கும் இதே சிக்கல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். பாதுகாப்பு ஓட்டை என்று ஐயம் வந்தால் பொதுவில் ஒரு சொல்லும் எழுதாமல், அதற்கென உள்ள ஹேக்கர்ஒன் தளத்தின் வழியாகத் தனியே தெரிவியுங்கள்.

உங்கள் தேவையின் எல்லையை விரித்துக் காட்டுவது மிக முக்கியம். பயனர்களில் 80 விழுக்காட்டினருக்குப் பயன்படுவதே மைய மென்பொருளில் இருக்க வேண்டும் என்பது வேர்ட்பிரஸின் அறிவிக்கப்பட்ட கொள்கை. தமிழருக்கு வேண்டும் என்று கேட்டால் அந்தக் கொள்கை நம்மைத் தடுக்கும். ஆனால் இந்தி, வங்காளம், தாய், சீனம், ஜப்பானியம் ஆகியவற்றின் எழுத்துகளுக்கும் மூன்று பைட்டு தேவை. ஆகவே அந்த மொழிகளில் எழுதுவோரையும் சோதிக்கச் சொல்லி, முடிவுகளை ஒன்றாக வையுங்கள்.

பெரிய மாற்றங்களை எதிர்க்கும்போதும் இதுவே வழி. 2018 டிசம்பர் 6 அன்று 5.0 பதிப்போடு, பத்தி, படம் ஒவ்வொன்றையும் தனித் துண்டாகக் கையாளும் பிளாக் எடிட்டர் வந்தபோது எழுந்த எதிர்ப்பு கடுமையானது. சிலர் கிளாசிக்பிரஸ் என்று கிளைபிரிந்தே சென்றனர். திரையில் உள்ளதை ஒலியாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கு அந்த எடிட்டர் தடையாக இருந்தது என்ற கவலையை, கல்வி நிறுவனத்தாரின் டபிள்யூ.பி.கேம்பஸ் என்ற சமூகம் வேறு விதமாகக் கையாண்டது. நிதி திரட்டி, வல்லுநர்களைக் கொண்டு தணிக்கை செய்து, 2019-இல் அறிக்கையை வெளியிட்டது. கண்ட குறைகள் தனித்தனியாகக் கிட்ஹப்பில் பதியப்பட்டதால், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்த முடிந்தது. அந்த எதிர்ப்பிலிருந்து நாம் கற்கத்தக்கது இந்தப் பகுதியே என்பது என் உறுதியான எண்ணம்.

பேச்சு முறை பற்றிச் சில சொற்கள். நம் ஊர் மாணவர்கள் ஒவ்வொரு வரியிலும் ‘சார்’ என்று எழுதுகிறார்கள். அங்கே பெயரோ பயனர்பெயரோ சொல்லி எழுதினால் போதும், அது மரியாதைக் குறைவாகாது. ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். படிகள் தெளிவாக இருந்தால் இலக்கணப் பிழையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியில் நடக்கும் கூட்டங்களின் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் பதில் வராவிட்டால், புதிய பதிப்பில் மீண்டும் சோதித்து அந்த முடிவை எழுதுங்கள். அது நினைவூட்டலாகவும் இருக்கும், உதவியாகவும் இருக்கும்.

தமிழ் பேசுவோரின் கருத்தே முடிவாகும் இடம் ஒன்றும் உண்டு: தமிழ் மொழிபெயர்ப்பு. வேர்ட்பிரஸ் தளத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் சொற்களைப் பரிந்துரைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் தொகுப்பாசிரியர்கள் ஏற்பார்கள் அல்லது திருப்புவார்கள். பிளகினுக்குச் ‘செருகுநிரல்’ நல்லதா ‘நீட்சி’ நல்லதா என்று வாதிடுவதானால் முதலில் சொற்பட்டியலில் வாதிடுங்கள். ஒரே திரையில் இரண்டு சொற்களும் கலந்து வருவது பயனரைக் குழப்பும். பயனரின் பெயர் வந்து அமரும் இடங்குறியோடு ‘க்கு’ என்ற உருபை நேரே ஒட்டாதீர்கள். ‘முருகன்’ அங்கே வந்தால் ‘முருகன்க்கு’ என்றாகும். ‘என்பவருக்கு’ என்று எழுதினால் எந்தப் பெயரும் பொருந்தும்.

டிக்கெட் ‘திருத்தப்படாது’ என்ற குறிப்போடு மூடப்படுவதும் உண்டு. அப்போது காரணத்தைப் படித்துவிட்டு, கைவசம் உள்ள மாற்று வழியை அங்கேயே எழுதுங்கள். இதே குறையைத் தேடி வரும் அடுத்தவர் அந்தப் பக்கத்துக்குத்தான் வருவார். பூச்சந்தைத் தளத்தில் நான் தேதியைத் தலைப்பின் முன்னால் கொண்டுவந்து, முகவரிப் பகுதியைக் குறுக்கி, ‘மல்லிகை விலை’ என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திவிட்டேன். தேதியையும் இடைக்கோடுகளையும் சேர்த்தாலும் மொத்தம் 111 இடந்தான் ஆகிறது.