டிமென்ஷியா இருக்கறவங்களுக்கு சாயங்காலம் லைட்டை முன்னாடியே போடுங்க

வீட்ல டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கற திறனும் குறைஞ்சுக்கிட்டே போற மறதி நோய், உள்ள பெரியவங்க இருந்தா, இருட்டுற வரைக்கும் காத்திருக்காம அஞ்சு மணிக்கே ஹால், அவங்க ரூம், பாத்ரூம் போற வழி எல்லாத்துலயும் லைட்டைப் போட்டு ஜன்னல் ஸ்கிரீனையும் இழுத்து விட்டுடுங்க. எல்ஈடி பல்புதானே, கரண்ட் பில் பெருசா ஏறாது.

இந்த நோய்ல தூக்கம், முழிப்புக்கான உடம்பு கடிகாரமே தடுமாறிடும், பகல் பூரா இருந்த களைப்பும் சேர்ந்துக்கும், அந்த நேரம் பார்த்து வெளிச்சம் மங்கினா கொடில தொங்குற சட்டை கூட ஆள் மாதிரி தெரியும், ஜன்னல் கண்ணாடில தெரியிற தன்னோட முகத்தையே யாரோ நிக்கறாங்கன்னு நெனச்சு பயந்து, சொந்த வீட்ல இருந்துக்கிட்டே "வீட்டுக்குப் போணும்"னு கிளம்பிடுவாங்க. மதியத்துக்கு மேல காபி, டீ வேண்டாம். படுக்கற நேரம் வந்ததும் லைட்டைக் குறைச்சிடுங்க.

பசி, வலி, மலச்சிக்கல்னால தவிக்கறாங்கன்னா லைட் ஒண்ணும் பண்ணாது, முதல்ல அதைப் பாருங்க. ரெண்டு மூணு நாளுக்குள்ள திடீர்னு குழப்பம் ஜாஸ்தியானா அது யூரின் இன்ஃபெக்‌ஷனாவோ புதுசா ஆரம்பிச்ச மாத்திரையாவோ இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, நீங்களா தூக்க மாத்திரை மட்டும் குடுத்துடாதீங்க.