தென்துருவ ஆய்வு நிலையம்: கோலாலம்பூரிலும் அங்கேயும் செய்ய வேண்டிய வேலைகள்

மலேசியா 2011இல் அந்தார்டிக் உடன்படிக்கையிலும் 2016இல் அதன் சுற்றுச்சூழல் நெறிமுறையிலும் சேர்ந்தது. ஆகவே நிலையம் எழுப்ப நினைக்கும் குழுவுக்கு முதல் வேலை, விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை. உடன்படிக்கை நாடுகளின் கூட்டத்துக்குக் குறைந்தது 120 நாள் முன்பே வரைவு போய்ச் சேர வேண்டும். தவறவிட்டால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு சரக்கு. நம் ஊரிலிருந்து போகும் கருவிகளைக் குளிரைவிட ஈரம்தான் அதிகம் கெடுக்கும். 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் இருக்கும். மைனஸ் 20இல் ஒரு கிராம்தான் தங்கும். கிள்ளான் துறைமுகக் கொட்டகையில் பெட்டியை மூடினால், மீதி நீர் சர்க்கியூட் பலகைமேல் வெள்ளை உறைபனியாகப் படியும். சூடான அறைக்குள் வந்ததும் அது உருகும். மின்சாரம் கொடுத்தால் ஷார்ட் ஆகும். ஆகவே குளிரூட்டி ஓடும் அறையில், சிலிக்கா ஜெல் போட்டு, ஈரம் புகாத உறையில் அடைத்து ஒட்டுங்கள். அங்கே போனபின், பொருள் அறைவெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது.

பாலிஸ்டைரீன் (தெர்மோகோல்) மணிகளைப் பெட்டி அடைப்புக்குப் பயன்படுத்த நெறிமுறையே தடை விதிக்கிறது. காலணி மண், அட்டைப்பெட்டி எறும்பு, விதை எதுவும் போகக் கூடாது.

உறைகிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, கனத்த கையுறையோடு நிலையத்தின் ஒரு சுவரையாவது பொருத்திப் பாருங்கள். கைக்கு அகப்படாத திருகாணி, விறைத்து வெடிக்கும் பிவிசி கேபிள் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். லித்தியம் மின்கலங்களுக்குச் சூடான பெட்டி தேவை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் பாழாகும்.

பனித்தட்டின்மேல் கட்டுவதானால் கட்டடத்தை உயர்த்தக்கூடிய கால்களில் நிறுத்துங்கள். அடியில் காற்று ஓடினால்தான் பனி குவியாது. இந்தியாவின் தக்ஷிண் கங்கோத்ரி நிலையம் பனியில் புதைந்து 1990இல் கைவிடப்பட்டது. கிடங்குகளைக் காற்றுக்குக் குறுக்கே ஒரே வரிசையில் வையுங்கள். ஒன்றின் பின்னால் ஒன்று நின்றால், முன்னது சேர்க்கும் பனி பின்னதை மூடிவிடும்.

குடிநீருக்கான பனியைக் காற்று வரும் பக்கத்தில், வண்டி போகாத இடத்தில் வெட்டுங்கள். 100 லிட்டர் உருக்க ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரம் ஆகும். ஜெனரேட்டரின் கழிவு வெப்பத்தையே பயன்படுத்துவது நல்லது.

ஜெனரேட்டர் தனிக் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும். 2012இல் பிரேசில் நிலையத்தின் ஜெனரேட்டர் அறையில் பிடித்த தீயில் இருவர் இறந்தனர். அந்த வறண்ட காற்றில் தீ வேகமாகப் பரவும், அணைக்கவோ நீர் கிடையாது. எனவே தங்குமிடத்திலிருந்து விலகி அவசரக் குடில் ஒன்றை முதல் கோடையிலேயே எழுப்பி, உணவு, அடுப்பு, உறக்கப்பை, ரேடியோ, இரண்டாவது ஜெனரேட்டர் ஆகியவற்றை அதில் வையுங்கள். மற்றக் கட்டுமானம் அதன்பிறகு.