டிப்போ வரைபவர்கள் திரும்பத் திரும்ப விடும் பிழைகள்

கொழும்பின் மாலபே–கோட்டை இலகு ரயில் திட்டம் 2020 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. ஜப்பானிய உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியில், 16 நிலையங்களோடு, ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தூரம் தூண்களின் மேல் போக வேண்டிய பாதை அது. வண்டிகள் இரவில் தங்கவும் பராமரிப்புக்கும் மாலபேயில் ஒரு டிப்போ அமைவதாக இருந்தது. தண்டவாளம் ஒரு அடிகூட விழவில்லை. ஆனால் அந்த டிப்போவை மட்டும் பிள்ளைகள் இன்னும் வரைந்துகொண்டேயிருக்கிறார்கள். ஒருவருக்கு அது இறுதியாண்டுச் செயற்றிட்டம், இன்னொருவருக்கு வெளிநாட்டு வேலை விண்ணப்பத்தோடு இணைக்கும் படம். நான் வளைகுடா நகரம் ஒன்றில் இலகு ரயில் டிப்போவில் வேலை செய்துவிட்டு வந்தவன் என்பதால், வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் எல்லோரும் “மகன்ட படத்தை ஒருக்கா பாருங்கோ” என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. பிழைகள்தான் பழையவை, எங்கள் காலத்தில் எல்லோரும் விட்ட அதே பிழைகள். பாதுகாப்புச் சப்பாத்து, தீயணைப்புக் குழாய், சுற்றுவேலி பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை மறந்தாலும் யாராவது பிடித்துவிடுவார்கள். யாரும் பிடிக்காமல் கொங்கிறீட் வரைக்கும் போய்விடுகிறவை வேறு.

ஒற்றைக் கழுத்து

படத்தை விரித்ததும் முதலில் வரும் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: “சேர், 32 வண்டி நிற்கும்.” சரி, நிற்கட்டும். காலையில் எத்தனை வெளியே வரும் என்று கேட்டால் பதில் இல்லை.

வண்டிகள் நிற்கும் தடங்கள் எல்லாம் விசிறிபோல் ஒடுங்கி, பொயின்ட்ஸ் (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) வழியாகச் சேர்ந்து, கடைசியில் பிரதான பாதைக்குப் போகும் தடமாகின்றன. அந்த ஒடுங்கிய இடத்தைத்தான் கழுத்து என்கிறோம். இளைஞர்களின் படத்தில் கழுத்து பெரும்பாலும் ஒற்றைத் தடம். காரணம் காணி. ஒவ்வொரு பொயின்ட்ஸும் நீளத்தைத் தின்னும். இரண்டாவது கழுத்து வைத்தால் நிறுத்துத் தடங்கள் குட்டையாகும், 32 என்பது 26 ஆகும். யாருக்குத்தான் மனம் வரும்? மாலபேயில் இன்னொரு இக்கட்டும் உண்டு. பிரதான பாதை தூண்களின் மேலே, டிப்போ தரையில். கழுத்து என்பது ஒரு சாய்தளம். 10 மீற்றர் உயரத்தை 4 சதவீதச் சரிவில் ஏற 250 மீற்றர் வேண்டும். அத்தனை நீளமான கட்டுமானத்தை இரட்டையாகக் கட்டுவது செலவு என்று ஒற்றையாக்கிவிடுகிறார்கள்.

கணக்குப் போடுவோம். காலை உச்ச நேரத்துக்கு முன் 3 நிமிடத்துக்கு ஒரு வண்டி வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் நீளம் 70 மீற்றர். அதன் வால் 250 மீற்றர் சாய்தளத்தை விட்டு நீங்க 320 மீற்றர் ஓட வேண்டும். யார்டுக்குள், அதாவது டிப்போவின் தடங்கள் உள்ள வெளிக்குள், மணிக்கு 15 கிலோமீற்றர்தான் வேகம், ஆகவே 77 வினாடி. பொயின்ட்ஸ் திரும்பிப் பூட்டி வழி கிடைக்க 15 வினாடி போகும். பிரதான பாதையின் சிக்னல் முறைக்கு மாறுவதற்காக மேலே ஒரு நிறுத்தம், ஒரு நிமிடம் என்று வைப்போம். கூட்டினால் இரண்டரை நிமிடம். மிச்சம் அரை நிமிடம். இது எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளின் கணக்கு. வெளியே போன வண்டி ஒன்று கதவுக் கோளாறோடு திரும்பி வந்தால், அதே தடத்தில் எதிர்த்திசையில் இறங்க வேண்டும். அந்த ஒரு வண்டிக்காக இரண்டு புறப்பாடுகள் போய்விடும். அதற்குப் பிறகு அன்றைய காலை அட்டவணையை மறந்துவிடலாம்.

இது தாமதம் மட்டும்தான். எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறு. ஒற்றைக் கழுத்தில் எல்லா வண்டியும் கடந்தே தீர வேண்டிய ஒரு சோடி பொயின்ட்ஸ் இருக்கும். நான் வேலை செய்த டிப்போ அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. ஒரு விடியற்காலை, முதல் வண்டி புறப்படும் நேரத்தில், அந்தப் பொயின்ட்ஸ் திரும்பியது. ஆனால் நாக்குத் தண்டவாளம் முழுதாகப் பொருந்தியதாகக் கட்டுப்பாட்டறைக்குச் சமிக்ஞை வரவில்லை. பாலைவனத் தூசி. சமிக்ஞை வராவிட்டால் வழி கிடைக்காது. வழி கிடைக்காவிட்டால் ஒரு வண்டியும் அசையாது. மின்சாரத்தை முடக்கி, ஆள் நடந்து போய், கைப்பிடி போட்டுச் சுழற்றி, கிளாம்ப் அடித்துப் பூட்டி, கட்டுப்பாட்டறையின் ஒப்புதல் வாங்கும்வரை அத்தனை வண்டியும் விளக்கெரிய, ஏ.சி. ஓட, சாரதி உள்ளே உட்கார்ந்திருக்க, வரிசையாக நின்றன. நகரத்தில் நிலையங்களுக்கு வெளியே சனம் நின்றது.

விசாரணை நடந்தது. பொயின்ட்ஸைத் துடைத்து எண்ணெய் போடும் பிலிப்பீன்ஸ்காரத் தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவர் அட்டவணைப்படி துடைத்திருந்தார், கையொப்பமும் இருந்தது. யார்டை அப்படி வரைந்தவர்கள் அப்போது வேறு நாட்டில் வேறு டிப்போ வரைந்துகொண்டிருந்திருப்பார்கள். பிறகு இரண்டாவது இணைப்பைப் போடத்தான் செய்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் யார்டில், இரவில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் கொங்கிறீட்டை வெட்டி, மேலே கம்பியை மாற்றி, சிக்னல் மென்பொருளைத் திரும்பவும் சோதித்து. கட்டும்போதே போட்டிருந்தால் ஒரு குறுக்கிணைப்பின் செலவோடு முடிந்திருக்கும்.

ஆகவே இரண்டு தடம் வையுங்கள். முழு நீளத்துக்கும் வசதியில்லையென்றால், யார்டின் மறுமுனையிலிருந்தாவது ஒரு வெளியேற்றம் வையுங்கள். சோதனைத் தடத்தை நீட்டிப் பிரதான பாதையோடு சேர்ப்பதும் ஒரு வழி. உங்கள் படத்தில் ஒவ்வொரு பொயின்ட்ஸாக விரலால் மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தாலும் பாதி வண்டிகளாவது வெளியே வரமுடிய வேண்டும்.

இதைச் சொன்னால் அடுத்த முறை இரண்டு தடத்தோடு வருகிறார்கள். அப்புறம் மின்சாரப் படத்தைக் கேட்டால், இரண்டு தடத்துக்கும் மேலே உள்ள கம்பி ஒரே மின் பிரிவு, ஒன்றாகத்தான் துண்டிக்க முடியும்! கம்பியில் ஒரு கோளாறு வந்தால் இரண்டும் ஒன்றாகச் செத்துவிடும். தடம் இரண்டென்றால் மின் பிரிவும் இரண்டு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இன்னும் ஒன்று. கழுவும் இயந்திரத்தைக் கழுத்திலேயே வைக்கிறார்கள், உள்ளே வரும்போதே கழுவிவிடலாமாம். கழுவும் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீற்றருக்கும் குறைவு. இரவில் வரிசையாக வரும் வண்டிகள் அதன் பின்னால் பிரதான பாதைவரை தேங்கும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கிப் போகத் தடம் இல்லாமல் அதை வரையவே வேண்டாம்.

மூன்று வண்டி ஆழம்

இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) டிப்போவில் ஒரு பஸ் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பின்னால் நிற்கும் பஸ் வளைந்து போய்விடும். தண்டவாளத்தில் அது நடக்காது. ஒரு பக்கம் மூடிய தடத்தில் மூன்று வண்டிகளை அடுக்கினால், வாசலில் நிற்பது கிளம்பாத நாளில் மூன்றும் போச்சு. இரண்டுக்கு மேல் அடுக்காதீர்கள். கடைசியாக வருவது முதலில் வெளியேறும் என்பதையும் நினைவில் வையுங்கள். மறுநாள் பரிசோதனைக்கு நிற்க வேண்டிய வண்டி இரவு கடைசியாக வந்தால் அது வாசலில் நிற்கும், உள்ளே நிற்கும் நல்ல வண்டியை மறிக்கும். அதை விடியுமுன் நகர்த்த ஆளும் வெற்றுத் தடமும் வேண்டும். படத்தில் வெற்றுத் தடம் என்று ஒன்று இருப்பதே இல்லை.

வண்டி முடிவாகுமுன் ஷெட்

தாழ்தள வண்டியென்றால் குளிரூட்டி, மின்சாரத்தை மாற்றும் இன்வேட்டர், கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பன்டோகிராப் என்று பெரும்பாலான சாமான் கூரையில் இருக்கும். உயர்தள வண்டியில் நிறையச் சாமான் அடியில். முதலாவதற்குக் கூரை மட்டத்தில் நடைமேடை வேண்டும், கிரேன் வேண்டும். அந்த நடைமேடையின் கதவு, மேலே உள்ள கம்பியில் மின்சாரம் துண்டித்து ஏர்த் செய்யாமல் திறக்கவே கூடாது. இரண்டாவதற்கு, அடியில் நின்று வேலை செய்ய, நல்ல குழி வேண்டும். பழைய டீசல் பவர்செட் ரயில்களின் ஷெட்டைப் பார்த்து வளர்ந்த நம் ஆட்கள் எல்லாத் தடத்துக்கும் குழி தோண்டிவிட்டு, கூரைக்கு ஏணியைச் சாத்துகிறார்கள். மூன்றாம் தண்டவாளத்தில் மின்சாரம் வரும் முறையென்றால் ஷெட்டுக்குள் அந்தத் தண்டவாளமே வராது. வண்டி உள்ளே எப்படி நகரும் என்பதற்குத் தனி ஏற்பாடு வரைய வேண்டும். தொங்கு கேபிளோ, வண்டியைத் தள்ளும் சிறு ஷன்டரோ, ஏதோ ஒன்று.

தண்ணீர்

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. 2010 நவம்பரில் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையும் கடுவலையும் என்ன பாடு பட்டன என்று தெரியும். மாலபே அந்தக் கடுவலைக்குப் பக்கம், மறுபுறம் தலங்கம ஈரநிலம். அங்கே ஒன்றரை மீற்றர் ஆழத்தில் பராமரிப்புக் குழிகளும், அதைவிட ஆழத்தில் சக்கரம் கடையும் லேத்தும் வரைந்துவிட்டு, தள மட்டத்தை முன்னால் உள்ள வீதியின் மட்டத்திலிருந்து எடுக்கிறார்கள். வீதியே வெள்ளத்தில் முங்கும் வீதி.

மண் நிரப்பி உயர்த்தினால் பிரச்சினை தீராது, பக்கத்து வீடுகளுக்குப் போகும். நிரப்பும் அளவுக்கு நீர் தேங்க இடம் விட வேண்டும். குழிகளின் பம்புக்கு ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும், ஏனென்றால் வெள்ளம் வரும் இரவில்தான் மின்சாரமும் போகும். பொயின்ட்ஸ் மோட்டார்களின் மட்டத்தையும் பாருங்கள். கழுவிய நீரும் கிறீஸும் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகப் போக வேண்டும். நேரே காணுக்குள் விட்டால் அது ஈரநிலத்தில்தான் போய்ச் சேரும்.

ஷெட் வாசலில் நிற்கும் வண்டி

மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்புகிறது. அது நிலத்துக்குள் கசிந்து தண்ணீர்க் குழாயையும் கொங்கிறீட் கம்பியையும் அரிக்காமல் இருக்க, யார்டுத் தண்டவாளங்களை நிலத்திலிருந்து காப்பிட்டு வைப்பார்கள். ஷெட்டுக்குள் ஆட்கள் வண்டியைத் தொட்டு வேலை செய்வதால் அங்கே தண்டவாளம் ஏர்த் செய்யப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காப்பு மூட்டு வரும். ஒரு வண்டி அந்த மூட்டின் மேல் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றால் சக்கரங்களும் உடலும் இரண்டையும் இணைத்துவிடும், காப்பிட்ட வேலை வீண். அதனால் மூட்டின் இரு பக்கமும் ஒரு முழு வண்டி நிற்க இடம் இருக்க வேண்டும். என்னிடம் வரும் படங்களில் மூட்டு எங்கே என்றே இருப்பதில்லை. “அது எலக்ட்ரிக்கல் ஆட்கள் பார்ப்பார்கள்.” எலக்ட்ரிக்கல் ஆட்கள் வரும்போது சுவர் எழும்பியிருக்கும்.

லேத்துக்கு அப்பால்

குழி லேத்தில் சக்கரத்தைக் கழற்றாமலே கடையலாம், வண்டி ஒவ்வொரு அச்சாக நகர்ந்து வரும். அப்படியானால் லேத்துக்கு முன்னால் ஒரு வண்டி நீளம், பின்னால் ஒரு வண்டி நீளம், இரண்டும் நேர்த்தடம். சுவரோரமாக லேத்தை வைத்தால் முன்னால் உள்ள சக்கரங்களை மட்டும்தான் கடைய முடியும்.

மணல்

வண்டிகள் வழுக்காமல் இருக்க மணல் தூவும். கொழும்பு ஈரக்காற்றில் அது கட்டியாகும். மூடிய உலர்ந்த களஞ்சியம் வையுங்கள்.

வளைவுகள்

25 மீற்றர் ஆரையில் வண்டி திரும்பும்தான். அதிகாலை நாலரைக்கு அது போடும் கிறீச் சத்தம் பக்கத்து வீட்டுக் கட்டில்வரை கேட்கும். இறுக்கமான வளைவை வீடுகள் இல்லாத பக்கம் தள்ளுங்கள்.

சாரதி எப்படி நடப்பார்

இருட்டில், மழையில், குடையோடு, பன்னிரண்டாவது தடத்தில் நிற்கும் வண்டிக்கு. நடைபாதையை வரைந்துவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்.