கோலாட்டம்: வட்டத்துக்கு முன்வரிசை கிடையாது

நன்னெறி நோட்டில் ‘ஒத்துழைப்பு’ என்று பிள்ளைகள் அழகாக எழுதிவிடுவார்கள். எதிரே நிற்பவரின் கோல் வந்து சேரும்வரை தன் கோலை நிறுத்தி வைப்பதுதான் பெரும்பாடு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, ஆண்டு 3, 4 மாணவர்களுக்குக் கோலாட்டம் பழக்குங்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

24 பேருக்கு 48 கோல், உடைந்தால் மாற்ற இன்னும் 4. நீளம் 30 செ.மீ., பருமன் பெரியவர் கட்டைவிரல் அளவு. கடையில் விற்கும் வார்னிஷ் கோல் பார்க்க அழகு. நம் ஊர் வெக்கையில் உள்ளங்கை வியர்த்ததும் வழுக்கிப் பறக்கும். பிடியில் துணி நாடா சுற்றுங்கள். ரோத்தானிலும் வெட்டலாம். அடிக்கு மட்டுமே பேர்போன பிரம்பு தாளத்துக்கும் உதவட்டுமே! நுனிகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

முதல் இரண்டு வகுப்புக்குக் கோலே வேண்டாம். கைதட்டல் மட்டும், நொடிக்கு ஒன்று. பிறகு கோல்: கீழ்முனையில் பிடித்து மேல்முனையில் தட்ட வேண்டும், நெஞ்சு உயரத்தைத் தாண்டக்கூடாது. நான்கு எண்ணிக்கை: தன் கோல்கள் இரண்டும், எதிராளியோடு வலக்கோல், மறுபடி தன்னுடையவை, எதிராளியோடு இடக்கோல்.

கை பழகியதும் உள்வட்டம் 12 பேர், வெளிவட்டம் 12 பேர், முகம் பார்த்து. எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை வெளிவட்டம் மட்டும் ஓரிடம் நகரும். 96 எண்ணிக்கையில் முதல் ஜோடி மறுபடி சேரும். அதற்குள், மற்ற வட்டத்தில் நிற்கும், பேச்சுவார்த்தை அறுந்த நண்பனும் எதிரே வந்து போயிருப்பான். எட்டே தட்டு, முறைக்க நேரமிருக்காது.

மூன்றாவது சுற்றில் வேகம் கூடும், சத்தம் தரும் உற்சாகம் அது. நீங்கள் கத்தினால் இன்னும் கூடும். பாட்டை நிறுத்தி, பழைய வேகத்தைத் தரையில் கோலால் தட்டிக் காட்டுங்கள். ஓங்கி அடிக்கும் பிள்ளையின் கோலைப் பிடுங்கி உட்காரவைத்துப் பயனில்லை. அந்த ஜோடியைச் சத்தமே வராமல் கோலால் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு தளரும்.

யாராவது வராத நாளில் ஒருவர் மிஞ்சுவார். அவருக்குக் கைத்தாளம். அது எப்போதும் அதே கூச்சக்காரப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் ஒதுக்கிவைத்ததாகிவிடும், பெயர்ப்பட்டியல்படி மாற்றுங்கள்.

ஆண்டு விழா நெருங்கினால், நன்றாக ஆடுபவர்களை முன்னால் நிறுத்தச் சொல்லி யாராவது வருவார்கள், படம் நன்றாக விழுமாம். மேடையே வேண்டாம். மண்டபத் தரையில் ஆடவிட்டு, நாற்காலிகளைச் சுற்றிப் போடுங்கள்.