காப்பர் ஏற்றிய சியோலைட்: நாக்ஸ் வினையூக்கியை ஆய்வகத்தில் செய்து பார்ப்பது எப்படி

எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு நாக்ஸ் (வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள்) குறைக்கும் வினையூக்கி ஒன்றை எடுக்கப் போகிறீர்களா? அப்படியானால் காப்பர் ஏற்றிய ஜெட்எஸ்எம்-5 என்ற சியோலைட்டில் (சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த நுண்துளைப் படிகம்) தொடங்குங்கள். 1986-இல் ஜப்பானில் இவாமோட்டோ குழு, நைட்ரிக் ஆக்சைடை நேரடியாக உடைக்க இது நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியதிலிருந்து எக்கச்சக்கமாக ஆராயப்பட்ட பொருள் இது, உங்கள் முடிவை ஒப்பிட்டுப் பார்க்கத் தரவு தாராளமாகக் கிடைக்கும். நாம் செய்யப்போவது அம்மோனியாவோடு சேர்ந்த வினை: நைட்ரிக் ஆக்சைடும் அம்மோனியாவும் கொஞ்சம் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜனும் தண்ணீரும் ஆக வேண்டும். பிஎஸ்-6 டீசல் லாரிகளில் யூரியா கரைசல் ஊற்றுவது இந்த அம்மோனியாவுக்காகத்தான்.

முதலில் கணக்கு. சிலிக்கான்-அலுமினியம் விகிதம் 15 உள்ள ஜெட்எஸ்எம்-5 ஒரு கிராமில் சுமார் 1.04 மில்லிமோல் அலுமினியம் இருக்கும். இரண்டு அலுமினியத்துக்கு ஒரு காப்பர் அயனி என்று வைத்தால் 10 கிராமுக்கு 5.2 மில்லிமோல், அதாவது காப்பர் அசிடேட் மோனோஹைட்ரேட் 1.04 கிராம். எடையில் இது 3.3 சதவீத காப்பர். இதற்கு மேல் ஏற்றினால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள்: இடம் கிடைக்காத காப்பர் ஆக்சைடாகப் போய் வெளியே உட்கார்ந்துகொள்ளும், அது 400 டிகிரிக்கு மேல் அம்மோனியாவை எரித்து நைட்ரிக் ஆக்சைடாகவே திருப்பித் தரும். நாம் எதைக் குறைக்க வந்தோமோ அதையே செய்துவிடும்.

சியோலைட் சோடியம் வடிவத்தில் வந்திருந்தால் முதலில் 1 மோலார் அம்மோனியம் நைட்ரேட் கரைசலில் 80 டிகிரியில் சில மணி நேரம் கலக்கி, வடிகட்டி, கழுவி, இன்னும் ஒன்றிரண்டு தடவை அதையே செய்யுங்கள். அம்மோனியம் வடிவத்திலேயே வாங்கியிருந்தால் இந்த வேலை மிச்சம்.

அப்புறம் காப்பர் அசிடேட்டை அரை லிட்டர் டிஐ வாட்டரில் (அயனி நீக்கிய நீர்) கரைத்து, சியோலைட்டைப் போட்டு, ஸ்டிரரில் அறை வெப்பத்திலேயே ஒரு நாள் விடுங்கள். இங்கே கண் வைக்க வேண்டியது பிஎச் மீட்டர் மேல்தான். 5 முதல் 5.5-க்குள் இருக்கட்டும், ஏறினால் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு. 6-ஐத் தாண்டினால் காப்பர் ஹைட்ராக்சைடு படிய ஆரம்பிக்கும், அது சியோலைட்டோடு சேர்ந்து வடிதாளில் தங்கிவிடும், எவ்வளவு கழுவினாலும் போகாது, சூட்டில் ஆக்சைடாக மாறும்.

வடிகட்டி, கழுவும் நீரில் நீலம் இல்லாமல் போகும்வரை கழுவி, 110 டிகிரி ஓவனில் இரவு முழுக்க உலர்த்துங்கள். மஃபிள் ஃபர்னஸில் மெல்லிய படலமாகப் பரப்பி, நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி வீதம் 550 வரை ஏற்றி 5 மணி நேரம் வையுங்கள். அம்மோனியா வாயு வெளியே வரும், அதனால் ஃபர்னஸின் புகை வெளியேற்றக் குழாய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆறி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்ததும் தூள் வெளிர் நீலமாக இருந்தால் நல்லது. சாம்பல் நிறம் தட்டினால் ஆக்சைடு வந்துவிட்டது, அதை வைத்து மேலே போகாதீர்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் எவ்வளவு காப்பர் ஏறியது என்பதை ஐசிபி-யில் (உலோக அளவைக் காட்டும் கருவி) கொடுத்துப் பார்த்துவிடுங்கள், நாம் போட்டதெல்லாம் உள்ளே போயிருக்காது.

சோதனைக்குத் தூளை அழுத்தி வில்லையாக்கி, உடைத்து, 40 முதல் 60 மெஷ் சல்லடையில் சலித்து எடுங்கள். குவார்ட்ஸ் குழாயில் 0.4 மில்லிலிட்டர் படுகை, நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் வாயு: மணிக்கு 60,000 என்ற வேகம் கிடைக்கும், அதாவது படுகையின் கொள்ளளவைப்போல் 60,000 மடங்கு வாயு ஒரு மணி நேரத்தில் அதன் வழியே போகும். வாயுவில் நைட்ரிக் ஆக்சைடு 500 பிபிஎம், அம்மோனியா 500 பிபிஎம், ஆக்சிஜன் 5 சதவீதம், நீராவி 5 சதவீதம், மீதி நைட்ரஜன். நீராவியை விட்டுவிடாதீர்கள், வண்டிப் புகையில் எப்போதும் தண்ணீர் உண்டு, உலர்ந்த வாயுவில் எடுத்த எண் அந்த நிலைமையைச் சொல்லாது. நைட்ரிக் ஆக்சைடு நச்சு என்பதால் எல்லாமே ஃபியூம் ஹூடுக்குள், கசிவு பார்த்த பிறகுதான்.

அளப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சியோலைட் குறைந்த வெப்பத்தில் அம்மோனியாவை நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு வெப்பநிலையிலும் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள், 150 டிகிரியில் இதற்கு நேரம் பிடிக்கும். முடிந்தால் எஃப்டிஐஆர் கருவியில் (அகச்சிவப்பு ஒளியால் வாயுக்களை அடையாளம் காண்பது) அளந்து நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்துப் பாருங்கள். நாக்ஸ் 90 சதவீதம் குறைந்தது என்று எழுதிவிட்டு, அதில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயுவாக மாறியதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

கடைசியாக, வண்டியின் சூட்டையும் ஈரத்தையும் இது தாங்குமா என்று பார்க்க, 10 சதவீத நீராவி கலந்த காற்றில் 750 டிகிரியில் சில மணி நேரம் வாட்டி மறுபடி சோதியுங்கள். ஜெட்எஸ்எம்-5 இங்கே நன்றாகவே அடிவாங்கும், கட்டமைப்பிலிருந்து அலுமினியம் கழன்றுவிடும். வண்டிகளில் எஸ்எஸ்ஜெட்-13 என்ற இன்னொரு சியோலைட் அந்த இடத்தைப் பிடித்தது இதனால்தான்: அதன் துளை சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம்தான், கழன்ற அலுமினியம் அவ்வளவு சுலபமாக வெளியேறாது. அடுத்து அதைச் செய்வதாக இருந்தால் அலுமினியக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள், மேலே சொன்ன 1.04 கிராம் அதற்குப் பொருந்தாது.